மடலும் தோழமையும்: எட்வர்டு மன்னர் காலத்துக் கற்ற பெண்களும் நம் பாட்டிமாரும்

வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டைத் தேடுகின்றனர், செப்பேட்டைத் தேடுகின்றனர், அரசாங்கப் பதிவேடுகளைப் புரட்டுகின்றனர். இவற்றுள் பெரும்பாலானவை ஆண்டவர்களும் ஆண்டவர்களைச் சார்ந்தோரும் எழுதி வைத்தவை. ஆளப்பட்டோர், அவருள்ளும் பெண்கள், தம் உள்ளத்தில் இருந்ததைத் தாமே எழுதி வைத்த சான்றுகள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலையாயது கடிதம். அரசனுக்கு அஞ்சாமலும் ஊராரை எண்ணாமலும் ஒரு தோழி மற்றொரு தோழிக்கு எழுதிய மடலில் அக்காலத்து வாழ்க்கை உள்ளவாறே நிற்கின்றது.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், ஜவளகிரியைச் சூழ்ந்த சிற்றூர்களின் இளைஞர்களும் மாணவியரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு செய்தியை இங்கே எடுத்துக்கொள்கிறோம். விக்டோரியா மகாராணி மறைந்து, ஏழாம் எட்வர்டு அரியணை ஏறியது 1901 ஜனவரி 22-ஆம் நாள். அம்மன்னர் மறைந்தது 1910 மே 6-ஆம் நாள். இந்த ஒன்பது ஆண்டுகளை எட்வர்டு காலம் என்று வரலாற்றாசிரியர் வழங்குவர். கற்ற பெண்கள் ஒருவருக்கொருவர் ஏராளமாகக் கடிதம் எழுதிய காலம் அது. அவர்கள் என்ன எழுதினர், அந்நட்பினால் என்ன விளைந்தது, அந்த அஞ்சல் பையில் நம் வீட்டுப் பெண்களின் மடல் எங்கே இருந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரையணாவும் எழுத்தறிவும்

கடிதம் எழுத முதலில் வேண்டுவது மலிவான அஞ்சல். 1854-ஆம் ஆண்டில் இந்திய நாடெங்கும் ஒரே கட்டணமாக அரையணா விதிக்கப்பட்டது. அதற்கு முன் தொலைவுக்கேற்பக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். 1879-இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்தது. 1880-இல் அஞ்சல் நிலையத்தின் வழியே பணவிடை அனுப்பும் முறை ஏற்பட்டது. 1898-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் ஓரணாவில் போய்ச் சேர வழி பிறந்தது. 1869-இல் திறக்கப்பட்ட சூயசுக் கால்வாய் கப்பல் வழியை முன்பே சுருக்கிவிட்டது. ஆக, எட்வர்டு காலம் தொடங்கியபோது கல்கத்தாவில் எழுதிய மடல் சில வாரங்களில் இலண்டனில் படிக்கப்பட்டது.

ஆனால் அரையணா மட்டும் இருந்தால் கடிதம் எழுதிவிட முடியுமா? எழுத்தறிவு வேண்டும். 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் 0.60 விழுக்காடு, அதாவது ஆயிரம் பெண்களுக்கு ஆறு பேர். ஆண்களிலோ ஆயிரவருக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர். பத்தாண்டு கழிந்து 1911-இல் பெண்களின் எழுத்தறிவு 1.05 விழுக்காடாயிற்று. ஆயிரவருள் ஆறு பேர் என்னும்போது அந்த அறுவரும் எந்தத் தெருவில் வாழ்ந்தவர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எழுத்தறிவோடு வேறு மூன்றும் வேண்டும். எழுதுவதற்கு ஓய்வு வேண்டும். தன் பெயருக்கு வரும் மடல் தன் கையில் சேரும் முகவரி வேண்டும். தன் மடலைப் பிரித்துப் படிக்கும் உரிமை தனக்கு வேண்டும். இந்நான்கும் ஒருங்கே வாய்த்த பெண்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்போதுதான் பெருகிவந்தனர். 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகள் பெருகின. பள்ளிகள் பெருகவே ஆசிரியைகள் தேவைப்பட்டனர். 1869-இல் கர்ட்டன் கல்லூரி போன்ற பெண்களின் உயர்கல்வி நிலையங்கள் தோன்றின. தம் ஊதியத்தில் தாம் வாழ்ந்து, தம் அறையில் தாம் அமர்ந்து எழுதும் பெண்குலம் ஒன்று உருவாயிற்று. எட்வர்டு காலக் கடிதங்களில் பல அவர்கள் கையெழுத்தே.

கடல் கடந்த முன்னோடி மடல்

எட்வர்டு காலத்திற்கு இருபது ஆண்டுகள் முன்னரே நம் நாட்டுப் பெண் ஒருத்தி இவ்வழியைத் திறந்துவிட்டாள். மராட்டிய நாட்டு ஆனந்திபாய் ஜோஷி 1865-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் மணம் முடிக்கப்பட்டவர். பதினான்கு வயதில் பெற்ற குழந்தையைப் பத்தே நாளில் மருத்துவ உதவியின்றிப் பறிகொடுத்தவர். மருத்துவம் கற்க வேண்டும் என்னும் வேட்கை அத்துயரத்தில் பிறந்தது. அவர் கணவர் கோபால்ராவ் உதவி கேட்டு அமெரிக்கப் பாதிரியார் ஒருவருக்கு எழுதிய கடிதம் அங்கொரு சமய இதழில் அச்சாயிற்று. நியூஜெர்சி மாநிலத்தின் ரோசல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடிசியா கார்ப்பெண்டர் என்னும் அம்மையார், பல் மருத்துவரின் கூடத்தில் காத்திருந்த வேளையில் அவ்விதழைப் புரட்டினார், படித்தார், உடனே ஆனந்திக்கு எழுதினார்.

முகம் அறியாத இருவரும் மூன்றாண்டு காலம் மடல் எழுதிக்கொண்டனர். உணவு, உடை, விழா, குழந்தை மணம், நோய் எனத் தம் நாட்டு நடப்புகளை ஒருவர்க்கொருவர் விளக்கினர். தாயின் உடன்பிறந்தாள் முறை கொண்டாடியே ஆனந்தி அவரை அழைத்தார். 1883 ஏப்ரல் 7-ஆம் நாள் கல்கத்தாவில் கப்பலேறிய அப்பெண்ணை ஜூன் 4-ஆம் நாள் நியூயார்க்கில் எதிர்கொண்டு அழைத்துச் சென்றவர் அந்தத் தோழியே. 1886 மார்ச் 11-ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஆனந்தி பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியவர் எலும்புருக்கி நோயால் 1887 பிப்ரவரி 26-ஆம் நாள் மறைந்தார். இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. அவருடைய சாம்பல் கடல் கடந்து கார்ப்பெண்டர் அம்மையாரிடம் சென்றது. பொகீப்சியில் அக்குடும்பத்தாரின் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் அவருக்கு நினைவுக்கல் உள்ளது. ஒரு மடலில் முளைத்த உறவு அவ்விறுதி வரையிலும் நின்றது.

போஸ்பாரா சந்தின் தோழியர்

எட்வர்டு காலத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டாக நாம் கருதுவது நிவேதிதா அம்மையாரின் கடிதங்களை. 1867-இல் அயர்லாந்தில் மார்கரெட் நோபிள் எனப் பிறந்த இவர், இங்கிலாந்தில் ஆசிரியையாகப் பணியாற்றியவர். விவேகானந்தரின் சொற்பொழிவால் ஈர்க்கப்பட்டு 1898 ஜனவரியில் கல்கத்தா வந்தார். அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள் பாக்பஜாரின் போஸ்பாரா சந்தில் சிறுமியர்க்கென ஒரு பள்ளி தொடங்கினார். 1911 அக்டோபர் 13-ஆம் நாள் டார்ஜிலிங்கில் மறையும் வரை அச்சந்திலிருந்து அவர் எழுதிய மடல்கள் கணக்கற்றவை. 1982-இல் அவை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

அவர் மிகுதியாக எழுதியது ஜோசஃபின் மக்லவுட் என்னும் அமெரிக்கத் தோழிக்கு. "யம்" என்று செல்லப் பெயரிட்டே அவரை அழைத்தார். மற்றொரு தோழி சாரா புல் என்னும் அமெரிக்கச் செல்வப் பெண்மணி. மூன்றாமவர் கிறிஸ்டின் கிரீன்ஸ்டைடல். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆசிரியையாக இருந்தவர். 1902-இல் இந்தியா வந்து நிவேதிதாவோடு தங்கி, 1903 முதல் அப்பள்ளியை உடனிருந்து நடத்தியவர். நால்வரும் நான்கு திசையில் இருந்த காலமே மிகுதி. அவர்களைக் கட்டி வைத்தது அஞ்சல் பைதான்.

அம்மடல்களில் என்ன இருந்தது? பள்ளிக்குப் பணம் போதாத கவலை இருந்தது. எழுதிவரும் நூலின் நிலை இருந்தது. 1899-இல் கல்கத்தாவைப் பிளேக் நோய் தாக்கியபோது நிவேதிதா தெருக்கூட்டும் பணியில் தாமே இறங்கினார்; 1906-இல் கிழக்கு வங்கத்தில் பஞ்சமும் வெள்ளமும் சூழ்ந்தபோது சேற்றிலும் நீரிலும் ஊரூராகச் சென்றார். இப்பணிகளின் களைப்பும் வேதனையும் தோழியரிடம் சென்று சேர்ந்தன. நாட்டு விடுதலை குறித்த நெஞ்சத் துடிப்பும் அவற்றில் இருந்தது. அரசியலில் அவர் கொண்ட ஈடுபாடு காரணமாக, விவேகானந்தர் 1902 ஜூலை 4-ஆம் நாள் மறைந்த சில நாளிலேயே துறவியர் சங்கத்தின் அமைப்பிலிருந்து முறைப்படி விலக நேர்ந்தது. நம் பாரதியார் 1908-இல் வெளியிட்ட 'ஸ்வதேச கீதங்கள்' நூலை இவருக்கே படைத்தார் என்பது தமிழர் அறிந்த செய்தி.

இங்கே நம் இளைஞர்கள் கருதவேண்டியது ஒன்றுண்டு. தோழியர்க்கு எழுதிய மடல் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. சாரா புல்லின் பொருளுதவி பள்ளியைத் தாங்கியது. அறிவியல் மேதை ஜகதீஸ் சந்திர போஸின் ஆராய்ச்சிக்கும் துணை நின்றது. ஒரு சந்தின் சிறு பள்ளி, கடிதங்களின் வழியே, உலகத்தின் கவனத்திற்கு வந்தது. எழுதத் தெரிந்தமையால் ஏற்படும் ஆற்றல் இதுவே. தன் ஊரின் குறையைத் தன் சொல்லால் தொலைவிலுள்ளவரின் நெஞ்சில் பதிக்க வல்லவர், அக்குறையைத் தீர்க்கும் வழியில் பாதி தூரம் சென்றவராவார்.

பிறர் கையால் எழுதிய அன்னை

அத்தோழமை வட்டத்தில் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். அவர் இராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவி (1853–1920). அவருடைய கதை நம் பாட்டிமாரின் கதைக்கு மிக அண்மையில் உள்ளது.

இளம் பெண்ணாக இருந்தபோது சாரதா தேவி அரிச்சுவடி ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றார். கணவரின் உறவினரான ஹிருதயர் என்பவர், பெண்கள் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று சொல்லி அந்நூலைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். சாரதா தேவி அதற்கெதிராக வாதாடவில்லை. ஓரணா கொடுத்து இன்னொரு சுவடியை மறைவாக வாங்கிக்கொண்டார். வீட்டுச் சிறுமி இலட்சுமி பாடசாலைக்குச் சென்று கற்று வந்ததை இவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். பின்னர்த் தட்சிணேசுவரத்தில் ஆற்றுக்கு நீராட வந்த பெண் ஒருத்தி மேலும் பாடம் சொன்னாள். கோவில் தோட்டத்திலிருந்து தமக்கு வந்த கீரைகளையே சாரதா தேவி அவளுக்குக் கைம்மாறாகக் கொடுத்தார். இவ்வாறு படிக்கக் கற்றார். இராமாயணம் வாசிக்கும் அளவுக்குத் தேறினார். எழுதும் கை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

ஆகவே நிவேதிதாவுக்கு அவர் மடல் அனுப்பியபோது தம் வாயால் சொல்ல, வேறொருவர் எழுதினார். நிவேதிதா அவருக்கு எழுதிய மடலையும் வேறொருவரே வங்காளத்தில் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. 1910 டிசம்பர் 11-ஆம் நாள், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், நோய்ப்படுக்கையில் இருந்த சாரா புல்லின் அருகிலிருந்து நிவேதிதா எழுதிய கடிதம் புகழ்பெற்றது. காலையில் மாதா கோவிலுக்குச் சென்று நோயுற்ற தோழிக்காக வேண்டியபோது சாரதா தேவியின் முகமே நினைவில் வந்ததாக அதில் எழுதினார். அடுத்த மாதமே, 1911 ஜனவரி 18-ஆம் நாள், சாரா புல் மறைந்தார். அதே 1911-ஆம் ஆண்டில் சாரதா தேவி சென்னைக்கு வந்து சுமார் ஒரு மாதம் தங்கினார். பின் பெங்களூருக்கும் சென்றார்.

சாதி வழக்கு இறுகியிருந்த அக்காலத்தில், அந்தணக் குலத்துக் கைம்பெண்ணாகிய அவர் 1898 மார்ச் 17-ஆம் நாள் நிவேதிதா, சாரா புல், மக்லவுட் ஆகிய மூவரோடும் அமர்ந்து உணவு கொண்டார் என்பதும் நாம் மறக்கத்தகாதது. கற்றவரும் கல்லாதவரும், வெள்ளையரும் நம்மவரும் ஒரே இலையருகே அமர முடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் மடல் என்று வரும்போது, எழுதிய கை ஒன்றும் சொன்ன வாய் ஒன்றுமாகவே இருந்தன. பிறர் கேட்க முடியாத ஒன்றை அவரால் தம் மகள் போன்ற நிவேதிதாவுக்குச் சொல்ல இயலவில்லை. நட்பு நிறைந்திருந்தும் தனிமை இல்லை. எழுத்தறியாமையின் இழப்பு இத்தகையது.

சென்னையின் வட்டமும் அதன் எல்லையும்

நம் மாகாணத்திலும் அக்காலத்தில் கற்ற பெண்களின் தோழமை தழைத்தது. 1901 ஜூலையில் கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் 'இந்தியன் லேடீஸ் மாகசின்' என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார். சரோஜினி நாயுடு, கர்னீலியா சொராப்ஜி முதலியோர் அதில் எழுதினர். மாகாணங்கள்தோறும் சிதறியிருந்த கற்ற பெண்களை ஒருவரோடொருவர் பேசச் செய்த பொது மடல் அது எனலாம்.

சகோதரி சுப்புலட்சுமி 1886-இல் பிறந்தார்; பதினொரு வயதில் மணம்; உடனே கைம்மை. பெற்றோரின் துணிவால் கற்று, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த லிஞ்ச் என்னும் ஐரிசு அம்மையாரின் நட்பு அவருக்குப் பெருந்துணையாயிற்று. 1912-இல் எழும்பூரில் இளங்கைம்பெண்கள் தங்கிப் படிக்கும் இல்லம் தோன்றியது. ஒரு வெள்ளை அதிகாரியும் மொட்டையடிக்கப்படும் வழக்கத்திலிருந்து தப்பிய ஒரு தமிழ்ப் பெண்ணும் தோழியராகி, பல நூறு பெண்களின் வாழ்வை மாற்றினர். இத்தொண்டினை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் உண்மையைச் சொல்வது வரலாற்றின் கடமை. அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கென்றே ஏற்பட்டது. பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமியின் தொண்டு கடற்கரையின் மீனவர் குப்பத்துக்கும் விரிந்தது என்பது அவருடைய பெருமை. ஆனால் தொடக்கத்தில் கதவு ஒரு சாதிக்கே திறந்திருந்தது. கமலா அம்மையாரின் இதழ் ஆங்கிலத்தில் வந்தது. அதனைப் படிக்கத்தக்க பெண்கள் மாகாணத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அந்த நட்புகள் கடலைத் தாண்டின, நிறத்தைத் தாண்டின, சமயத்தைத் தாண்டின. ஊருக்கும் சேரிக்கும் இடையே இருந்த நூறு கெசத்தைத் தாண்டவில்லை.

நம் பக்கத்து ஏடுகள்

அப்படியாயின் நம் பெண்கள் எழுதவே இல்லையா? எழுதினர். 1855-ஆம் ஆண்டிலேயே, ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் கற்ற மாங் குலத்துச் சிறுமி முக்தா, பதினான்கு வயதில், மாங், மகார் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1856 அக்டோபரில், நோயுற்றுப் பிறந்தகத்தில் இருந்த சாவித்திரிபாய் தம் கணவருக்கு எழுதிய மடலில், பள்ளிச் சுமையைத் தனியே தாங்கும் பாத்திமா என்னும் தோழியைக் குறித்து அக்கறையோடு எழுதினார். வாய்ப்பளித்தால் ஒரே தலைமுறையில் எழுதுகோல் நம் கையில் நிற்கும் என்பதற்கு முக்தாவைவிடச் சான்று வேண்டுமோ?

சென்னையில் ஆல்காட் 1894-இல் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். எட்வர்டு காலத்தில் அப்பள்ளிகளை அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையாரும் கோர்ட்ரைட் அம்மையாரும் இணைந்து நடத்தினர். கிளி, மரம், மணல், விளையாட்டு ஆகியவற்றின் வழியே கற்பிக்கும் குழந்தைத் தோட்ட முறையைச் சென்னையின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அறியும் முன்பே நம் பிள்ளைகள் அறிந்தனர். கோர்ட்ரைட் அம்மையார் அக்கல்வி முறையை விளக்கி 1906-இல் ஒரு நூலே எழுதினார். இரு ஆசிரியைகளின் தோழமை நம் தெருவுக்கு வந்து பயன்பட்ட நேர்வு இது.

1907 ஜூன் 19-ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார்; பின்னர் அது 'தமிழன்' என வழங்கியது. 'தமிழ் மாது' என்னும் ஏட்டை நடத்திய ஸ்வப்னேசுவரி அம்மாள் இவ்விதழிலும் எழுதினார். ஆங்கில மாது இதழ் தலைவாயிலில் நின்ற அதே காலத்தில், நம் குலத்துப் பெண்மணி தமிழில் இதழாசிரியையாக விளங்கினார் என்பதை நம் மாணவியர் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

'தமிழன்' இதழுக்கு மிகுந்த ஆதரவளித்தவர் கோலார் தங்கவயல் தொழிலாளர். அது நமக்கு அயலூர் அன்று. 1880-களில் ஆங்கிலக் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியது முதல், வடார்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே சென்றனர். ஜவளகிரி அன்று சேலம் மாவட்டத்து ஓசூர் வட்டத்தைச் சேர்ந்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்களும் இரவுப் பள்ளிகளும் எழுந்தன. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. சுரங்கத்திலிருந்து நம் ஊருக்கு ஒரு மடல் வந்து சேர்வது அதனினும் அரிதாயிருந்தது.

சுரங்கத்திற்குச் சென்றவர் மனைவிக்குச் செய்தி அனுப்ப வேண்டின், எழுதத் தெரிந்த ஒருவரை லயனில் தேடுவார். அவரோ வழக்கமான வாசகத்தையே எழுதுவார். இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்திற்குப் பதில் போடவும் என்னும் அச்சில் எல்லோருடைய வாழ்வும் வார்க்கப்பட்டது. இங்கே மனைவியும் மற்றொருவரிடம் கொடுத்தே படிக்கச் சொல்வாள். எதிரே நிற்பவர் படிக்கும்போது அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. மூலையில் மஞ்சள் தடவிய மடல் நல்ல செய்தி; கறுப்புத் தடவியது சாவுச் செய்தி. எழுத்தறியாத கண்ணுக்குப் புரிந்த எழுத்து அந்த இரு நிறங்களே. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் நம் எல்லைப்புறத்தில், பேசியது ஒரு மொழியாகவும் எழுதப்பட்டது வேறு மொழியாகவும் இருந்ததும் உண்டு.

முகவரியும் ஒரு தடையே. அஞ்சல் நிலையம் பொது அலுவலகம். ஆனால் பொதுத் தெருவில் நடக்கவும் பொது அலுவலகத்தில் நுழையவும் நம்மவர்க்கிருந்த உரிமை ஏட்டளவில்கூட உறுதியாகவில்லை. சாலை, கிணறு, சந்தை, பொது அலுவலகம் ஆகிய எங்கும் எவரும் செல்லலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-இல்தான். ஆங்கிலப் பெண்ணுக்கு ஓரணாவில் உலகம் திறந்தபோது, நம் பெண்ணுக்கு அஞ்சல் நிலையத்தின் படியே தொலைவாயிருந்தது.

அந்நிலை மாறத் தொடங்கியதும் அதே தலைமுறையில்தான். எட்வர்டு காலத்தின் நடுவில், 1904-இல், இரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் கற்றார், பேசினார், எழுதினார். 1938 நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில், பல குலத்துப் பெண்களோடு சரிநிகராக அவர் நின்றார். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' எனும் பட்டத்தை வழங்கிய மாநாடு அது. முன் தலைமுறை தாண்டாத நூறு கெசத்தை அப்பெண்களின் தோழமை தாண்டிக் காட்டியது.

நாம் செய்ய வேண்டுவது

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? நிவேதிதாவின் வாழ்வு நமக்குத் தெரிகிறது. ஏனெனில் அவர் எழுதினார். தோழி மக்லவுட் அம்மடல்களைக் காத்து வைத்தார். ஆனந்திபாயின் நெஞ்சம் நமக்குத் தெரிகிறது. ஏனெனில் கார்ப்பெண்டர் அம்மையார் அவற்றை எறிந்துவிடவில்லை. எழுதுவது பாதி, பேணுவது பாதி.

நம் வீடுகளில் பழைய தகரப் பெட்டிகளிலும் பரணிலும் இன்றும் சில அஞ்சலட்டைகளும் உள்நாட்டு மடல்களும் இருத்தல் கூடும். தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. தந்திச் சேவையும் 2013-இல் நின்றுவிட்டது. அக்காலத்து மடலை எழுதிக் கொடுத்தவரும் படித்துக் காட்டியவரும் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். ஆகவே நம் இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று அம்மடல்களைப் பார்க்க வேண்டும். யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் கையால் எழுதியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உரியவர் இசைந்தால் ஒரு படி எடுத்துச் சங்கத்தின் நூலகத்தில் வைக்கவேண்டும், இசையாவிடில் வற்புறுத்தலாகாது. மடல் என்பது பிறர் நெஞ்சம். அதனைத் திறக்கும் உரிமை அந்நெஞ்சுக்குரியவருக்கே உண்டு.

எழுத்தறியாத பாட்டிமார் இருப்பின், அவர் சொல்லச் சொல்ல அவர் பேத்தி எழுதட்டும். எழுதும்போது "இவ்விடம் யாவரும் சுகம்" என்னும் பழைய அச்சில் வார்த்துவிட வேண்டா. பாட்டி அழுத இடத்தில் அழுதாள் என்றும், சினந்த இடத்தில் சினந்தாள் என்றும் அவள் பேசும் மொழியிலேயே எழுதட்டும்.

நம் மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். இன்று ஓசூரின் ஆலைகளில் வேலை செய்து விடுதிகளில் தங்கும் நம் பெண்கள் பலர். பெங்களூருக்கும் சென்னைக்கும் படிக்கச் சென்றவரும் பலர். கைப்பேசியில் நொடிக்கு நொடி செய்தி அனுப்புகின்றீர்கள். அது நன்றே. ஆயினும் கைப்பேசி பழுதானால் அச்செய்தி யாவும் அதனோடு போய்விடக்கூடும். திங்களுக்கு ஒரு முறையேனும் உம் தோழிக்குத் தாளில் எழுதுங்கள். விடுதியின் சோறு, மேற்பார்வையாளரின் சொல், வாங்கிய ஊதியம், படிக்கும் நூல், மனத்தின் ஆசை ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். சாதி கேட்டு வாடகைக்கு வீடு மறுத்தவர் உண்டாயின், அதையும் நாளும் இடமும் குறித்து எழுதுங்கள். பிற குலத்துத் தோழியிருப்பின் அவளுக்கும் எழுதுங்கள்; அவள் மடலுக்கும் விடை எழுதுங்கள்.

ஆயிரவருள் அறுவராக இருந்த காலத்தில் அவ்வறுவர் தம் நட்பால் பள்ளிகளை எழுப்பினர், இல்லங்களை நிறுவினர். இன்று நம் தெருவின் பெண் குழந்தைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்கள் மடலை அவர்களே எழுதுகின்றனர். அவர்கள் மடலை அவர்களே பிரிக்கின்றனர். நம் பாட்டிமாருக்குக் கிடைக்காத இந்தத் தனிமையையும் உரிமையையும் பெற்றுத் தந்தது கல்வியே. அக்கல்வியை இன்னும் பெறாத ஒரு வீடு நம் ஊர்களில் இருக்கும் வரை, வெள்ளி விழாக் கண்ட நம் சங்கத்தின் பணி முடிந்ததாகாது.